தத்துவவாதிகளுக்கு அன்றாட வாழ்க்கை உண்மையிலேயே புரியுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தத்துவம் படிப்பதாகச் சொன்னதும் எதிரில் இருப்பவர் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: “இவர்களுக்கெல்லாம் நிஜ வாழ்க்கை தெரியுமா?” பல வருடங்களாக இதற்குப் பதில் சொல்லி வருகிறேன். நடுவில் என் பதில்கள் சில மாறியும் இருக்கின்றன. இப்போது எனக்கு உண்மை என்று படுவதை இங்கே எழுதுகிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். புரியுமா, புரியாதா?

வாழ்க்கையின் எந்த வேலை அவர்கள் தோளில் விழுந்ததோ அது புரிந்திருக்கிறது. எந்த வேலையை வேறு யாரோ சத்தமில்லாமல் செய்து கொடுத்தார்களோ, அங்கே பார்வை மங்கிவிடுகிறது. மூளை எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் இந்த மங்கல் சரியாவதில்லை. சில சமயம் வெளியே தெரியாமல் போய்விடுகிறது, அவ்வளவுதான். நன்றாக வாதாடத் தெரிந்தவருக்குத் தான் பார்க்காததையும் பார்த்தது போலப் பேச வந்துவிடும். கீழே உள்ள பதில்கள் எல்லாம் இதற்கான உதாரணங்கள்தான்.

நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டே கிணற்றில் விழுந்தவர் கதை உண்மையா?

அது தேலீஸ் பற்றிய கதை. கிமு 6-ஆம் நூற்றாண்டில் மிலேட்டஸ் நகரில் வாழ்ந்தவர், கிரேக்கத் தத்துவவாதிகளில் முதல்வர் என்று கருதப்படுபவர். வானத்தைப் பார்த்தபடி நடந்து கிணற்றில் விழுந்தார் என்றும், அதைப் பார்த்த திரேசியப் பணிப்பெண் ஒருத்தி சிரித்தாள் என்றும் பிளேட்டோ எழுதியிருக்கிறார். நடந்ததா இல்லையா என்று இன்று யாராலும் நிரூபிக்க முடியாது.

அதே தேலீஸைப் பற்றி அரிஸ்டாட்டில் வேறொரு கதை சொல்கிறார். ‘இத்தனை அறிவிருந்தும் ஏழையாகத்தானே இருக்கிறாய்’ என்று ஊரார் குத்திக் காட்டினார்களாம். வானத்தைக் கணித்து அடுத்த பருவத்தில் ஆலிவ் நன்றாக விளையும் என்று கண்ட அவர், குளிர்காலத்திலேயே எண்ணெய்ச் செக்குகளுக்கெல்லாம் சிறிய முன்பணம் கொடுத்து வைத்துக்கொண்டார். அறுவடை வந்ததும் தான் கேட்ட வாடகைக்கு விட்டுப் பணம் சம்பாதித்தார். தத்துவவாதி நினைத்தால் பணம் பண்ண முடியும், அது அவருடைய அக்கறை இல்லை என்பது கதையின் கருத்து.

முதல் கதையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது அந்தப் பெண். அவளுக்குக் கிணறு எங்கே இருக்கிறது என்று தெரியும். தினமும் தண்ணீர் எடுக்கிறவளுக்குத் தெரியாமல் போகுமா?

சாக்ரடீஸ் சந்தையிலேயே இருந்தவராயிற்றே. அவருக்குமா வாழ்க்கை தெரியாது?

நிறையவே தெரியும். அவர் போரில் காலாட்படை வீரராக நின்றவர். வசதியானவர்களோடு மட்டும் பேசிப் பழகியவரும் இல்லை. கேள்வி கேட்டே மனிதர்களுக்கு அவர்களையே அடையாளம் காட்டினார்.

ஆனால் அவருடைய கடைசி நாளைப் பற்றி பிளேட்டோ எழுதியதில் ஓர் இடம் என்னை எப்போதும் தடுத்து நிறுத்தும். கிமு 399. நண்பர்கள் சிறைக்குள் வரும்போது மனைவி சாந்திப்பி கைக்குழந்தையோடு அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். நண்பர்களைக் கண்டதும், ‘இவர்களோடு நீங்கள் பேசப்போவது இதுதான் கடைசி முறை’ என்று கதறி அழுகிறார். யாராவது இவரை வீட்டுக்கு அழைத்துப் போங்கள் என்கிறார் சாக்ரடீஸ். அழுதுகொண்டே அவர் வெளியேறுகிறார். அதன்பின் மணிக்கணக்கில் ஆன்மா அழியாதது என்ற விவாதம் நடக்கிறது. மாலையில் பிள்ளைகளும் வீட்டுப் பெண்களும் மறுபடி வருகிறார்கள். அவர்களோடு பேசிவிட்டு அனுப்பிவிடுகிறார். இதையும் சொல்லாமல் விட்டால் நியாயமாக இருக்காது.

மரணத்தை அவர் எதிர்கொண்ட விதத்தை நான் மனதார மதிக்கிறேன். ஆனால் மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு நாளைக்கு விழிக்கப் போகிறவருக்கு மரணம் என்றால் என்ன? அந்தக் கேள்வியை அன்றைக்கு அந்த அறையில் யாரும் எழுப்பவில்லை. அதைக் கேட்டிருக்கக்கூடிய ஒரே ஆள் வெளியே அனுப்பப்பட்டுவிட்டார்.

அப்படி ஒருவர் உள்ளேயே இருந்து கேட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்?

கேட்டிருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த உதாரணமே அதுதான். கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

1643 மே மாதம், பொஹீமியாவின் இளவரசி எலிசபெத், பிரெஞ்சுத் தத்துவவாதி டெகார்ட்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். அவருக்கு வயது 24. தந்தை அரியணையை இழந்ததால் குடும்பம் ஹேக் நகரில் அகதிகளாக வாழ்ந்துவந்தது. ஆன்மா இடத்தை அடைக்காத ஒன்று, உடல் இடத்தை அடைக்கும் ஒன்று, இரண்டும் முற்றிலும் வேறு என்று டெகார்ட் சொல்லியிருந்தார். அப்படியானால் ஆன்மா எப்படி உடலை அசைக்கும் என்று கேட்டார் எலிசபெத். இன்றைக்கும் இந்தக் கேள்விக்கு எல்லோரும் ஒத்துக்கொள்ளும் பதில் கிடையாது.

டெகார்ட்டின் முதல் பதில் அவருக்குத் திருப்தி தரவில்லை. அடுத்த மாதமே மறுபடி எழுதினார். அந்தக் கடிதத்தில் வேறொன்றையும் சொல்கிறார். குடும்பத்தின் விவகாரங்களைக் கவனிக்க வேண்டியிருக்கிறது, தவிர்க்க முடியாத சந்திப்புகளும் உபசாரங்களும் இருக்கின்றன, இவையெல்லாம் முடியும்போது மனம் சோர்ந்து நெடுநேரத்துக்கு எதற்கும் பயன்படாமல் போய்விடுகிறது என்று. சிந்திக்க ஓய்வு வேண்டும், அந்த ஓய்வு தனக்கு இல்லை என்று ஒரு சிந்தனையாளரிடமே எழுதுகிறார்.

டெகார்ட்டின் பதில் ஆச்சரியமானது. உடலும் ஆன்மாவும் ஒன்றாக இருப்பதைத் தியானத்தால் அறிய முடியாது, அன்றாட வாழ்க்கையிலும் சாதாரண உரையாடலிலும் இருந்துதான் அறிய முடியும் என்கிறார். சுத்தமான அறிவை மட்டும் பயன்படுத்தும் சிந்தனைக்குத் தான் ஒதுக்குவதே வருடத்தில் ஒரு சில மணி நேரம்தான் என்றும் ஒப்புக்கொள்கிறார். அந்த ஒரு பெண் விடாமல் கேட்டிராவிட்டால் இதை எழுதியிருப்பாரா? எனக்குச் சந்தேகம்தான்.

இரண்டு வருடம் கழித்து, 1645-இல், எலிசபெத்துக்கு விடாத காய்ச்சலும் இருமலும். அறிவைச் சரியாகப் பயன்படுத்தினால் எந்த நிலையிலும் மன நிறைவு அடையலாம் என்று டெகார்ட் எழுதுகிறார். சிந்திக்கும் சக்தியையே பறித்துவிடும் நோய்கள் இருக்கின்றனவே, அப்போது என்ன செய்வது என்று எலிசபெத் திருப்பிக் கேட்கிறார். டெகார்ட் மழுப்பவில்லை. நீங்கள் சொல்வது சரி, எல்லா மனிதருக்கும் பொதுவாக நான் சொன்னது, அறிவைத் தடையின்றிப் பயன்படுத்த முடிந்தவர்களுக்கு மட்டுமே பொருந்தும் என்று திருத்திக்கொள்கிறார். உணர்ச்சிகளைப் பற்றி 1649-இல் அவர் வெளியிட்ட நூல் இந்தக் கடிதப் போக்குவரத்திலிருந்து வளர்ந்ததுதான்.

காய்ச்சலில் படுத்திருந்தவருக்குத் தெரிந்தது, படிப்பறையில் இருந்தவருக்குத் தெரியவில்லை. சொன்னதும் புரிந்துகொண்டார். தத்துவத்தின் மேல் எனக்கு இன்னும் நம்பிக்கை இருப்பதற்கு இந்தக் கடிதங்கள் பெரிய காரணம்.

பெரிய தத்துவவாதிகளில் பலர் கல்யாணமே செய்துகொள்ளவில்லையாமே?

ஆமாம். பிளேட்டோ, டெகார்ட், ஸ்பினோசா, லாக், லைப்னிட்ஸ், ஹியூம், கான்ட், நீட்சே என்று பட்டியல் நீளும். மேரி மிட்ஜ்லி என்ற பிரிட்டிஷ் தத்துவவாதி 1950-களில் இதையே பேசுபொருளாக்கி வானொலிக்கு ஓர் உரை எழுதினார். அது ஒலிபரப்பாகவில்லை. குழந்தைகளோடும் குடும்பத்தோடும் வாழ்ந்தவர்கள் தத்துவம் எழுதியிருந்தால், ‘எனக்கு வெளியே மற்ற மனங்கள் இருக்கின்றனவா’ என்ற சந்தேகம் இவ்வளவு பெரிதாக எழுந்திருக்குமா என்பது அவருடைய கேள்வியின் சாரம். மிட்ஜ்லி மூன்று மகன்களை வளர்த்தவர். முதல் புத்தகம் 1978-இல் வந்தபோது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டிருந்தது.

ஆனால் இதை ஒரு சூத்திரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கல்யாணம் ஆகாத டெகார்ட்டுக்கு ஒரு மகள் இருந்தாள். பெயர் பிரான்சின். ஐந்து வயதில், 1640-இல் இறந்துபோனாள். துக்கம் அவருக்குத் தெரியாதது இல்லை. மறுபக்கம், குழந்தை வளர்ப்பைப் பற்றி 1762-இல் புகழ்பெற்ற நூலை எழுதிய ரூசோ, தனக்குப் பிறந்த ஐந்து குழந்தைகளையும் அனாதை இல்லத்தில் விட்டவர். அதை அவரே எழுதி ஒப்புக்கொண்டிருக்கிறார். அந்த நூலில் நல்ல கருத்துகள் உண்டு. நள்ளிரவில் அழும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கும் ஒருவரின் களைப்பு மட்டும் அதில் இல்லை. அதை நான் தேடிப் பார்த்திருக்கிறேன்.

வேண்டுமென்றே இறங்கி வந்து உடலுழைப்புச் செய்து பார்த்தவர் உண்டா?

சிமோன் வேய். பிரெஞ்சுப் பெண், பள்ளியில் தத்துவ ஆசிரியர், மருத்துவரின் மகள். தொழிலாளர் பிரச்சினைகளைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தவர், 1934 டிசம்பரில் வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு பாரிஸில் தொழிற்சாலைக் கூலியாகச் சேர்ந்தார். 1935 ஆகஸ்ட் வரை, இடையிடையே வேலை இழந்தும் நோயுற்றும், மூன்று ஆலைகளில் வேலை செய்தார். தீராத தலைவலி உள்ளவர், கைவேலையும் அவ்வளவாக வராது. செய்த துண்டுகளின் எண்ணிக்கையை வைத்துக் கூலி என்பதால் பல நாள் கணக்கு முடியாமல் திணறினார்.

போவதற்கு முன் அவர் எதிர்பார்த்தது ஒன்று, கண்டது வேறொன்று. ஒடுக்குமுறை கோபத்தையும் கலகத்தையும் உண்டாக்கும் என்று நாம் சாதாரணமாக நினைப்போம். அடிபணிதலைத்தான் அது உண்டாக்குகிறது என்று அவர் தன் உடம்பிலேயே கண்டார். வேகம் பிடிக்க வேண்டுமானால் சிந்திப்பதை நிறுத்த வேண்டும். சிந்தித்தால் வலிக்கும், அதனால் மனமே சிந்திக்க மறுக்கும். ஒரு நாள் பேருந்தில் ஏறியபோது, ஓர் அடிமையான என்னால் எப்படி மற்றவர்களைப் போலக் காசு கொடுத்து இதில் ஏற முடிகிறது என்று அவருக்குத் தோன்றியதாக நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். யாராவது கீழே இறக்கிவிட்டிருந்தால் அதுவும் இயல்பாகவே பட்டிருக்குமாம்.

“விரும்பி ஏற்றுக்கொண்ட கஷ்டம்தானே, எப்போது வேண்டுமானாலும் திரும்பிப் போகலாமே?” என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பக்கத்து இயந்திரத்தில் நின்ற பெண்ணுக்குத் திரும்பிப் போக இடம் இல்லை. அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தது முழுவதும் வேய்க்குத் தெரிந்திருக்காது. ஆனால் சோர்வு ஒருவரின் எண்ணத்தை எப்படித் தின்னும் என்று உள்ளே இருந்து, தத்துவத்தின் மொழியில் எழுதியவர்கள் மிகக் குறைவு. அந்த எழுத்து எனக்கு விலைமதிப்பில்லாதது.

சாதாரண மனிதருக்குத் தெரியாத எதையாவது இவர்கள் சொல்லியிருக்கிறார்களா?

தெரியாததைச் சொல்வதைவிட, தெரிந்தும் கவனிக்காததைச் சொல்வதில்தான் அவர்கள் சிறந்தவர்கள்.

20-ஆம் நூற்றாண்டின் பிரிட்டிஷ் தத்துவவாதியும் நாவலாசிரியருமான ஐரிஸ் மர்டாக்கின் மாமியார்–மருமகள் உதாரணம் இதற்குச் சரியானது. ஒரு மாமியாருக்கு மருமகளைப் பிடிக்கவில்லை. நாகரிகம் தெரியாதவள், சின்னப் பிள்ளை மாதிரி நடந்துகொள்கிறாள் என்று மனதுக்குள் நினைக்கிறார். வெளியே ஒரு குறையும் இல்லாமல் அன்பாக நடந்துகொள்கிறார். அப்புறம், ‘நான்தான் பழமைவாதியோ? மகனைப் பங்கு போட வந்தவள் என்ற பொறாமையோ?’ என்று தன்னையே கேட்டுக்கொண்டு அந்தப் பெண்ணை மறுபடி பார்க்கிறார். மெல்ல மெல்ல, அநாகரிகம் என்று தோன்றியது எளிமையாகத் தெரிகிறது. சத்தமாகத் தெரிந்தது உற்சாகமாகத் தெரிகிறது. வெளியே அவர் நடத்தையில் ஒன்றும் மாறவில்லை. மர்டாக் கேட்கிறார்: இங்கே ஒன்றுமே நடக்கவில்லையா?

நல்லது கெட்டது எல்லாம் செயலிலும் முடிவெடுப்பதிலும்தான் இருக்கிறது என்று அந்தக் காலத்துப் பேராசிரியர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒருவரை நியாயமாகப் பார்க்க முயல்வதே ஒரு செயல், அதற்கும் உழைப்பு வேண்டும் என்று மர்டாக் காட்டினார். ஒரே வீட்டில் யாரோடாவது வாழ்ந்த எல்லோருக்கும் இது தெரியும். ஆனால் இதைச் சொல்ல நம்மிடம் வார்த்தை இருந்ததா? எனக்கு இருக்கவில்லை. படித்த பிறகு நான் எரிச்சலோடு பார்த்துவந்த ஒருவரை வேறு மாதிரி பார்க்கத் தொடங்கினேன். அவருக்கு இது இன்றுவரை தெரியாது.

இவ்வளவு யோசிப்பவர்கள் மற்றவர்களைவிட நல்லவர்களாக வாழ்கிறார்களா?

அப்படித் தெரியவில்லை. எரிக் ஷ்விட்ஸ்கபெல், ஜோஷுவா ரஸ்ட் என்ற இரண்டு தத்துவப் பேராசிரியர்கள் அமெரிக்காவில் இதையே ஆராய்ந்து 2014-இல் வெளியிட்டார்கள். அறவியல் கற்பிக்கும் பேராசிரியர்களை மற்றத் துறைப் பேராசிரியர்களோடு ஒப்பிட்டார்கள்: அம்மாவோடு எவ்வளவு அடிக்கடி பேசுகிறார்கள், மாணவர்களின் மின்னஞ்சலுக்குப் பதில் போடுகிறார்களா, வாக்களிக்கிறார்களா, இறைச்சி உண்கிறார்களா என்றெல்லாம். கருத்தளவில் அறவியல்காரர்கள் சில விஷயங்களில் கண்டிப்பானவர்களாக இருந்தார்கள். நடத்தையில் மொத்தத்தில் பெரிய வித்தியாசம் இல்லை.

இதைவிடக் கனமான உதாரணம் ஜெர்மன் தத்துவவாதி ஹைடெக்கர். கையில் இருக்கும் சுத்தியல் ஒழுங்காக வேலை செய்யும்வரை நம் கவனத்துக்கே வராது, உடையும்போதுதான் அது ஒரு பொருளாகக் கண்ணில் படும் என்று 1927-இல் எழுதியவர். அன்றாட வாழ்க்கையை அவ்வளவு நெருங்கிப் பார்த்தவர் 1933-இல் நாஜிக் கட்சியில் சேர்ந்தார். பொருள்களோடு நாம் எப்படிப் பழகுகிறோம் என்று தெரிந்தவருக்கு, பக்கத்து வீட்டு மனிதருக்கு என்ன நேர்கிறது என்று பார்க்கத் தெரியவில்லை. பார்வையின் கூர்மை ஒரு திசையில் இருந்தால் எல்லாத் திசையிலும் இருக்கும் என்று நம்புவது ஆபத்து.

மொழியைப் பற்றி எழுதிய ஆஸ்திரியத் தத்துவவாதி விட்கன்ஸ்டைனும் உண்டு. 1920 முதல் 1926 வரை ஆஸ்திரியக் கிராமப் பள்ளிகளில் ஆசிரியராக இருந்தார். பிள்ளைகளை அடித்தார், ஒரு மாணவன் மயங்கி விழுந்த பிறகு வேலையை விட்டார். பத்து வருடம் கழித்து அதே ஊருக்குப் போய், தான் அடித்த சிலரிடம் நேரில் மன்னிப்புக் கேட்டார். பிற்காலத்தில் அவர் மொழியைப் பற்றி எழுதியது எல்லாம் குழந்தை எப்படிச் சொல் கற்கிறது, கடைக்குச் சீட்டு எழுதி அனுப்பினால் என்ன நடக்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறது. அந்த வகுப்பறைகள் அவருக்கு ஏதோ கற்றுக்கொடுத்திருக்கின்றன என்றே நினைக்கிறேன். அதற்கு விலை கொடுத்தது பிள்ளைகள்.

தங்கள் தத்துவத்தை அவர்களே நம்பி வாழ்கிறார்களா?

ஹியூம் இதற்கு நேர்மையாகப் பதில் சொல்லியிருக்கிறார். காரண காரியத் தொடர்பு, ‘நான்’ என்ற ஒன்று என எல்லாவற்றையும் சந்தேகித்துச் சோர்ந்துபோய், நண்பர்களோடு சாப்பிட்டு, பகடை ஆடி, பேசிச் சிரித்துவிட்டுத் திரும்பி வந்தால் அந்தச் சந்தேகங்கள் ஒட்டாமல் அந்நியமாகத் தெரிகின்றன என்று 1739-இல் எழுதினார்.

கஷ்டம் வரும்போது தத்துவம் உதவுமா? ஏட்டுச் சுரைக்காய்தானே?

என் அனுபவத்தைச் சொல்கிறேன். அப்பா பக்கவாதத்தால் படுக்கையில் இருந்த மாதங்களில் எபிக்டெட்டஸைப் படித்தேன். ரோமப் பேரரசுக் காலத்துத் தத்துவவாதி; அடிமையாகப் பிறந்தவர், கால் ஊனமானவர். எது நம் கையில் இருக்கிறது, எது இல்லை என்று பிரித்துப் பார்க்கச் சொன்னவர். அப்பா குணமாவது என் கையில் இல்லை, இன்று ராத்திரி அவரைப் புரட்டிப் படுக்க வைப்பது என் கையில் இருக்கிறது என்று பிரித்துக்கொண்டது எனக்கு உண்மையாகவே உதவியது. அதைச் சொன்னவர் சொகுசு நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் இல்லை என்பதும் அதில் சேர்த்தி.

உதவாத இடமும் இருந்தது. மூன்று ராத்திரி தூங்காத பிறகு எதையும் பிரித்துப் பார்க்க முடியாது. எல்லாம் ஒன்றாகக் கலங்கித் தெரியும். அப்போது தேவைப்பட்டது, ‘நீ போய்த் தூங்கு, நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று சொல்ல ஓர் ஆள். என் அக்கா சொன்னாள். எலிசபெத்தின் கடிதத்தை நான் படித்தது அதற்கு அப்புறம்தான். படித்ததும் கண் கலங்கிவிட்டது.

மார்கஸ் அரேலியஸும் எனக்கு அந்த நாட்களில் துணையாக இருந்தார். கிபி 161 முதல் 180 வரை ரோமைப் பேரரசராக ஆண்டவர், தன் குறிப்புகளில், காலையில் படுக்கையை விட்டு எழ மனம் வராமல் தனக்குத் தானே நியாயம் சொல்லி எழுப்பிக்கொள்கிறார். பிறருக்காக அவர் அந்தக் குறிப்புகளை எழுதவில்லை என்பதால் அதில் பாசாங்கு இல்லை.

அப்படியானால் தத்துவம் படிக்காதவர்களுக்குத்தான் வாழ்க்கை நன்றாகத் தெரியும் என்று சொல்லலாமா?

உலகத்தோடு பொருந்தி நடக்கக் கற்காதவர் எத்தனை நூல் கற்றும் அறிவில்லாதவரே என்று வள்ளுவர் சொல்லியிருக்கிறார். இந்தக் குறளைத் தத்துவத்துக்கு எதிராக என்னிடம் பலர் நீட்டியிருக்கிறார்கள். கற்பதே வீண் என்று அது சொல்லவில்லையே. கற்க வேண்டியதில் ஒன்று விடுபட்டுப்போனதைத்தான் சொல்கிறது.

சாக்ரடீஸ் தன் வழக்கு விசாரணையில் ஒன்று சொன்னதாக பிளேட்டோ எழுதுகிறார். அரசியல்வாதிகளையும் கவிஞர்களையும் கேள்வி கேட்ட பிறகு கைவினைஞர்களிடம் போனாராம். தனக்குத் தெரியாத நல்ல விஷயங்கள் அவர்களுக்கு நிஜமாகவே தெரிந்திருந்தன என்று மனம் விட்டு ஒப்புக்கொள்கிறார். ஆனால் தொழில் தெரிந்ததாலேயே மற்றப் பெரிய விஷயங்களும் தெரியும் என்று அவர்கள் எண்ணினார்கள், அதுதான் பிழை என்கிறார்.

இது எல்லோருக்கும் பொருந்தும். பத்து வருடம் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவருக்கு நோயாளியின் உடம்பு தெரியும். படுக்கையில் கிடந்து மேலே பார்த்தால் அந்த அறை எப்படி இருக்கும் என்பது தெரியாமல் இருக்கலாம். எனக்கு அப்பாவைப் புரட்டிப் படுக்க வைக்கத் தெரியும். புரட்டப்படுவது எப்படி இருந்தது என்று அவரிடம் நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்?

எலிசபெத்–டெகார்ட் கடிதங்களிலிருந்து. இருவரின் கடிதங்களையும் வரிசையாகப் படியுங்கள். டெகார்ட்டின் பக்கத்தை மட்டும் தொகுத்த பதிப்புகளும் உண்டு, அவை வேண்டாம். அவர் இறந்த பின் கடிதங்களைப் பதிப்பிக்க விரும்பியவர்கள் எலிசபெத்திடம் அனுமதி கேட்டபோது, தன் கடிதங்களை வெளியிட அவர் சம்மதிக்கவில்லை. அதனால் இருநூறு வருடத்துக்கும் மேலாக டெகார்ட்டின் பதில்கள்தான் கிடைத்தன. கேள்விகள் 19-ஆம் நூற்றாண்டில்தான் அச்சுக்கு வந்தன.